நோட்டைத் திறப்பதற்குள் கனவு மறந்துவிடுகிறதா?

விழித்ததும் தெளிவாக இருக்கும் கனவு முதல் வரி எழுதுவதற்குள் பாதி போய்விடுகிறது, மீதியைக் கதையாகக் கட்ட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஞாபகசக்தியில் கோளாறு இல்லை. தெளிவான கனவுகள் பெரும்பாலும் விழிகள் வேகமாக அசையும் உறக்கக் கட்டத்தில்தான் வருகின்றன. நினைவைப் பதியவைக்க உதவும் நோரெபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருள் அப்போது மூளையில் மிகக் குறைவு.

அதனால் விழித்தவுடன் புரளாதீர்கள், மொபைலைத் தொடாதீர்கள். கண்ணை மூடியபடியே கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். அப்புறம் நோட்டில் சொற்களை மட்டும் போடுங்கள்: "படிக்கட்டு, ஈரச் சட்டை, அத்தை, பயமில்லை." இது போதும், பல் தேய்த்துவிட்டு வந்து விரித்து எழுதலாம்.

விரிக்கும்போது நிகழ்காலத்தில் எழுதிப் பாருங்கள்: "ஏறிக்கொண்டே இருக்கிறேன், படி முடியவில்லை." நடந்து முடிந்த கதையாக எழுதினால் "அதனால்", "எனவே" என்று நாமே காரணம் கோத்துவிடுவோம், கனவில் அது இருந்திருக்காது. நடுவில் ஒன்றும் நினைவில்லையா, ஒரு கோடு போட்டுத் தாண்டுங்கள். கதை கட்டும் பழக்கம் இதில்தான் குறையும். இடம் குழப்பமாக இருந்தால் எழுதுவதைவிடக் கிறுக்கலாக வரைவது மேல்.

குரல் பதிவைப் பலர் சொல்வார்கள். எனக்குப் பிடிக்காது, அரைத்தூக்க முணுமுணுப்பு பிறகு எனக்கே புரிவதில்லை.

கனவைப் பிடிக்க நடுராத்திரி அலாரமும் வேண்டாம். விழிகள் அசையும் அந்த உறக்கக் கட்டம் விடியலை நெருங்கும்போதுதான் நீளும். விடுமுறை நாளில் அலாரம் இல்லாமல் எழுந்து பாருங்கள். ஒன்றுமே நினைவில்லாத நாளில் தேதியும் எழுந்தபோதிருந்த மனநிலையும் மட்டும் எழுதுங்கள், சரியா?