ஊசி போட்டால் கை வீங்குமா?

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். சென்ற ஆண்டு இடது மார்பில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளை முழுவதுமாக எடுத்து, ‘கரண்ட்’டும் வைத்தார்கள். அந்தக் கையில் ஊசி போட்டாலோ, பிரஷர் பார்த்தாலோ, குடம் தூக்கினாலோ வீங்கிவிடும் என்கிறார்கள். இதுவரை வீக்கம் இல்லை. வேலையை விட்டுவிட வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, இந்தப் பயத்துக்காக வேலையை விட வேண்டாம். உடலின் திசுக்களில் ஊறும் நீரான நிணநீர், கையிலிருந்து வடியும் வழி அக்குள்தான். அங்குள்ள முடிச்சுகளை, அதாவது நெறிக்கட்டிகளை எடுத்து, நீங்கள் ‘கரண்ட்’ என்று சொல்லும் கதிர்வீச்சும் கொடுக்கும்போது வழி குறுகி, நீர் கையிலேயே தேங்கக்கூடும். முடிச்சுகளை முழுவதும் எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. ஆகவே உங்களுக்கு அபாயம் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது சிகிச்சையால் வந்ததே தவிர, நீங்கள் குடம் தூக்கியதால் வருவதன்று. உடல் பருமனும் தோலில் வரும் தொற்றும் அதைக் கூட்டும்.

ஊசி, பிரஷர் பற்றிய எச்சரிக்கை பல ஆண்டுகளாக மருத்துவர்களாகிய நாங்களே சொல்லிவந்தது என்பதால், அதை நம்பியவர்களைக் குறைசொல்ல முடியாது. அமெரிக்காவில் அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களின் கைகளைத் தொடர்ந்து அளந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இவற்றுக்கும் வீக்கத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. வலது கையை நீட்டுவதில் தவறில்லை. அவசர நேரத்தில் இடது கையில் ஊசி போட மறுத்துவிடாதீர்கள்.

பளு தூக்குவதும் அப்படியே. ஏற்கெனவே கை வீங்கிய பெண்களைப் பயிற்சியாளர் மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடை தூக்க வைத்த 2009ஆம் ஆண்டு ஆய்வில் வீக்கம் கூடவில்லை. தசை சுருங்கி விரியும்போதுதான் நிணநீர் நகர்கிறது. அசைக்காமல் வைத்த கையோ தோள் இறுகி வலுவிழக்கும். ஆகவே முதல் நாளே முழு மூட்டையைத் தூக்காமல், மேஸ்திரியிடம் சொல்லிப் பாரத்தை வாரந்தோறும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை தருவது செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியும் முள்ளும்தான். கையுறை அணியுங்கள், சிறு கீறலையும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து, சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். ரவிக்கையின் இடது கை மட்டும் இறுகினாலோ, வளையல் கழற்ற வராமல் போனாலோ, கை கனத்தாலோ அதுவே தொடக்கமாக இருக்கலாம். அந்நிலையில் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையும் பயிற்சியும் நன்கு பலன் தரும். வேறு காரணம் உண்டா என்றும் மருத்துவர் பார்ப்பார்.