நீதிபதிக்குச் சட்டம் தேடித் தரும் வேலை: மாணவருக்குக் கிடைக்குமா?

கேள்வி: திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் வக்கீல் யாரும் இல்லை. நீதிபதிகளுக்குச் சட்ட ஆய்வு செய்து கொடுத்து அனுபவம் பெறலாம் என்கிறார்களே, எப்படிச் சேர்வது? அங்கே என்ன வேலை இருக்கும்?

பதில்: இதில் இரண்டு வழிகள் உண்டு, பலரும் அவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். படிக்கும்போதே போவது இன்டர்ன்ஷிப். பட்டம் வாங்கியபின் போவது சம்பளத்தோடு கூடிய ஒப்பந்த வேலை.

இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள்படி ஐந்தாண்டு மாணவர் மொத்தம் 20 வாரமாவது, மூன்றாண்டு மாணவர் 12 வாரமாவது இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். நீதித்துறையில் செய்வதும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் ஒரு முறையாவது வக்கீலிடம் போயிருக்க வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. கல்லூரி முதல்வரின் கடிதம், சுயவிவரம், நீங்களே எழுதிய ஒரு சட்டக் குறிப்பு, இந்த மூன்றோடு பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். மாவட்ட நீதிமன்றத்தையும் சின்னதாக நினைக்காதீர்கள். சாட்சி விசாரணையை நேரில் பார்க்க அதுதான் சரியான இடம்.

பட்டத்துக்குப் பின் உச்ச நீதிமன்றத்தில் லா கிளார்க், அதாவது நீதிபதியின் ஆய்வு உதவியாளர் பணி இருக்கிறது. 2025 அறிவிப்பில் சம்பளம் மாதம் 80,000 ரூபாய், வயது 20 முதல் 32 வரை. கொள்குறித் தேர்வு, விரிவான எழுத்துத் தேர்வு, நேர்காணல் என்று மூன்று கட்டம். இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம், பணியில் சேரும்போது பட்டம் கையில் இருக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றமும் நீதிபதிகளுக்கு ஆய்வு உதவியாளர்களை எடுக்கிறது. சம்பளம் 30,000 ரூபாய் அளவில்.

சரி, வேலை என்ன? வக்கீலுக்குத் தேடுவதும் நீதிபதிக்குத் தேடுவதும் ஒன்றல்ல. சீனியர் வக்கீலுக்குத் தன் கட்சிக்காரருக்கு உதவும் தீர்ப்பு வேண்டும். நீதிபதிக்கு இரு பக்கமும் வேண்டும். குறிப்பாக, இரண்டு வக்கீல்களுமே சொல்லாமல் விட்ட தீர்ப்பு வேண்டும்.

ஒரு உதாரணம். செக் பவுன்ஸ் வழக்கை எந்த ஊர் நீதிமன்றத்தில் போடுவது என்று கேள்வி வருகிறது. தேடினால் 1999-இல் வந்த பாஸ்கரன் வழக்கு கிடைக்கும்: செக் எழுதியது, வங்கியில் போட்டது, திரும்பியது, நோட்டீஸ் கொடுத்தது, பணம் தராமல் விட்டது என்ற ஐந்தில் எது நடந்த ஊரிலும் போடலாம் என்றது. இன்னும் தேடினால் 2014-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்ன தஷரத் ரூப்சிங் ரத்தோட் வழக்கு வரும். செக் கொடுத்தவரின் வங்கி இருக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்று அது மாற்றிவிட்டது. பெரிய அமர்வு, புதிய தீர்ப்பு. பெரும்பாலான மாணவர்கள் இங்கேயே நிறுத்தி, நீதிபதிக்குத் தரும் ஆய்வுக் குறிப்பை, அதாவது நோட்டை எழுதிவிடுவார்கள். ஆனால் 2015-இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. செக்கைத் தன் கணக்கில் போட்டு வசூலிக்க முயன்றவருக்கு, அந்தக் கணக்கு இருக்கும் கிளையின் ஊர் நீதிமன்றம்தான். 2014 தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொடுத்தால், டெல்லி வங்கிச் செக்கை வாங்கிய நெல்லை வியாபாரி டெல்லிக்கு ரயிலேற வேண்டியிருக்கும். தீர்ப்பு கிடைத்ததும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. பிற்பாடு அதை வேறு அமர்வு மாற்றியதா, சட்டம் திருத்தப்பட்டதா என்று பார்ப்பதுதான் மீதி.

2024 ஜூலை 1-இல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபின் இன்னொரு கண்ணி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 482 என்றால் வழக்கை ரத்துசெய்யும் உயர் நீதிமன்ற அதிகாரம். புதிய சட்டத்தில் அதே 482 முன்ஜாமீன்! ரத்து 528-க்குப் போய்விட்டது. எண்ணை மட்டும் தட்டித் தேடினால் இரண்டும் கலந்து வரும்.

நோட் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. கேள்வி, உங்கள் விடை, அதற்கு ஆதரவு, அதற்கு எதிர், சட்டத்தின் இன்றைய நிலை. ஹெட்நோட்டை (தீர்ப்பின் தலையில் பதிப்பாளர் போடும் சுருக்கத்தை) நம்பி எழுதாதீர்கள், பத்தி எண்ணோடு தீர்ப்பிலிருந்தே எடுங்கள். தீர்ப்புகளைத் தேட உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் இணையதளம் இலவசம், இந்தியன் கானூன் தளமும் அப்படியே. சாட்ஜிபிடி தரும் வழக்குப் பெயரை மூலத்தைப் பார்க்காமல் எழுதவே கூடாது. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் இல்லாத தீர்ப்புகளைக் காட்டி 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள்.

நீதிபதியின் அறையில் (சேம்பரில்) பார்க்கும் வழக்குக் கட்டு, கேட்கும் பேச்சு எதுவும் வெளியே போகக் கூடாது, நண்பர்கள் வாட்ஸ்அப் குழு உட்பட. தீர்ப்பு எழுதத் தருவார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். முடிவு நீதிபதியுடையது, சில நாள் உங்கள் நோட்டைப் புரட்டாமலே கூடப் போகலாம்.

அப்புறம், தேதி. மே மாதம் உங்களுக்கு லீவு என்று அந்த மாதத்தைக் கேட்டுவிடாதீர்கள். உயர் நீதிமன்றத்துக்கும் அப்போது கோடை விடுமுறை, விடுமுறைக்கால அமர்வு மட்டும்தான் இருக்கும். நீதிமன்றம் முழுதாக நடக்கும் ஒரு நான்கு வாரத்தைக் கல்லூரியில் பேசி ஒதுக்கிக்கொண்டு, இரண்டு மூன்று மாதம் முன்பே கடிதம் போடுங்கள்.