பெஞ்ச் பிரஸ் நாலு மாசமா 60 கிலோவிலேயே நிக்குது, மீன்பிடித் தடைக்காலத்தில் எப்படி ஏற்றுவது?

கேட்டவர் தந்த விவரம்: பாம்பன், விசைப்படகு வேலை, வயது 24, உடல் எடை 62 கிலோ. ஜிம்முக்குப் போய் ஒன்றரை வருஷம். பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடைக் கம்பியை, அதாவது பாரை, நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) 60 கிலோ 5 ரெப்ஸ், அதாவது விடாமல் 5 தடவை, வருகிறது. 65 போட்டால் ஒன்றோ இரண்டோடு சரி. திங்கட்கிழமைதோறும் 65-ஐ முயன்று பார்க்கிறார். பாரின் முனையில் மாட்டும் எடைத் தட்டில், அதாவது பிளேட்டில், ஜிம்மில் இருப்பதிலேயே சின்னது 2.5 கிலோ.

அந்த 2.5 கிலோ பிளேட்தான் முதல் சிக்கல். பக்கத்துக்கு ஒன்று மாட்டினால் ஒரே தாவலில் 5 கிலோ ஏறுகிறது. டெட்லிஃப்டில் (தரையில் கிடக்கும் பாரைக் குனிந்து தூக்கி நிமிர்வது) 120 தூக்குபவருக்கு 5 கிலோ என்பது 4 சதவீதம். உங்கள் பெஞ்சுக்கு அது 8 சதவீதத்துக்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். எடையை 30-ஆல் வகுத்து, ரெப்ஸால் பெருக்கி, அதை எடையோடு கூட்டினால் ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச எடை தோராயமாகக் கிடைக்கும். 60-ஐ 5 தடவை தூக்கினால் உச்சம் 70. 65-ஐ 5 தடவை தூக்க உச்சம் ஏறத்தாழ 76 இருக்க வேண்டும். அதாவது வாராவாரம் உடம்பிடம் ஒரே நாளில் 6 கிலோ புதுப் பலம் கேட்கிறீர்கள். 61-ஐ 5 தடவை தூக்கவோ 71 போதும்.

ஆகவே பக்கத்துக்கு அரைக் கிலோ வேண்டும். கடைப் பிளேட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு உங்கள் கையிலேயே இருக்கிறது. பழைய சைக்கிள் டியூபை ஒரு அடி நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு முனையை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அரைக் கிலோ ஈயத்தை உள்ளே போட்டு, மறுமுனையையும் கட்டுங்கள். இரண்டு முனையையும் சேர்த்து முடிந்தால் வளையம் ஆகிவிடும், பிளேட் மாதிரியே பாரில் மாட்டிக் கழற்றலாம். இப்படிப் பக்கத்துக்கு நாலு வளையம் செய்து, எல்லாம் ஒரே எடையாக இருக்கிறதா என்று தராசில் பாருங்கள். ஈயம் நஞ்சு. டியூப் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

தராசு கிடைத்த கையோடு ஜிம் பிளேட்டுகளையும் நிறுத்துவிடுங்கள். வார்ப்பிரும்பு பிளேட்டில் 10 என்று எழுதியிருந்தால் அது 10 கிலோதான் என்று நம்ப முடியாது, அதிலும் உப்புக்காற்றில் துரு உதிர்ந்த பிளேட் என்றால் சொல்லவே வேண்டாம். ஒரு வாரம் ஒரு ஜோடி, மறுவாரம் வேறு ஜோடி என்று எடுத்தால் ஏறியதும் இறங்கியதும் நோட்டில் பொய்யாக நிற்கும். தராசு காட்டிய எடையைப் பெயின்டால் எழுதி, உங்கள் ஜோடியை மாற்றாதீர்கள். பாரையும் எடைபோடுங்கள். 20 கிலோ என்று எண்ணும் பார் பல ஜிம்களில் அதைவிடக் குறைவு.

அடுத்தது, அந்தத் திங்கட்கிழமை முயற்சி. அது சோதனை, பயிற்சி அல்ல. 65-ல் திணறி எடுக்கும் ஒரு ரெப் களைப்பைத்தான் மிச்சம் வைக்கும். தூக்க முடிகிற எடையைச் சுத்தமாகப் பல செட் (நடுவே ஓய்வு விட்டுச் செய்யும் சுற்று) தூக்கும்போதுதான் பலம் சேர்கிறது. பெரும்பாலோர் தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான்.

கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். எட்டு வாரமும் ஐந்து நாளும் ஆகிறது. ஒரு சுற்றுக்கு அளவெடுத்த மாதிரிக் காலம். முதல் வாரம் உடம்பை இளக்குங்கள்: இரண்டு நாள் மட்டும், 45 கிலோ, 5 ரெப்ஸ், 2 செட். நாலு மாதக் களைப்பு இறங்காமல் எந்தத் திட்டமும் வேலை செய்யாது. இரண்டாம் வாரத்திலிருந்து திங்கள் கனமான நாள்: 57 கிலோ, 3 ரெப்ஸ், 5 செட். ரொம்ப லேசாக இருக்கிறதே என்று தோன்றும், தோன்றட்டும். வாரத்துக்கு 1 கிலோ மட்டும் ஏற்றினால் 58, 59, 60, 61 என்று போய் ஏழாம் வாரம் 62-ல் நிற்பீர்கள். செட்டுக்கு நடுவே 3 நிமிஷம், கடைசிச் செட்டுகளுக்கு 4 நிமிஷம் உட்காருங்கள். பெஞ்சுக்கு ஆள் காத்திருக்கிறார் என்று ஒரே நிமிஷத்தில் எழுந்தால் மூன்றாம் செட்டிலேயே பலம் வடிந்துவிடும். எந்த வாரமாவது ஐந்தாம் செட்டின் கடைசி ரெப் திணறினால், அடுத்த வாரம் அதே எடையைத் திரும்பச் செய்யுங்கள். வெள்ளி லேசான நாள்: 50 கிலோ, 6 ரெப்ஸ், 4 செட், ஒவ்வொரு ரெப்பிலும் பாரை நெஞ்சில் இரண்டு விநாடி நிறுத்தி ஏற்றுவது. வாரம் ஒரு ரெப் கூட்டி 8 வந்ததும் 1 கிலோ ஏற்றி மறுபடி 6. எட்டாம் வாரம் திங்கள் 45 கிலோ, 3 ரெப்ஸ், 2 செட் மட்டும். வெள்ளிக்கிழமை ஸ்பாட்டரை (முடியாமல் போனால் பாரைப் பிடிக்கத் தலைமாட்டில் நிற்பவர்) நிறுத்திக்கொண்டு 62-ல் எத்தனை வருகிறது என்று பாருங்கள். 5 வந்தால் உச்சம் 72-க்குச் சற்று மேல், 6 வந்தால் 74-க்குச் சற்று மேல்.

வெள்ளிக்கிழமை இரண்டு விநாடி நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஏற்ற முடியாமல் உங்கள் பார் எங்கே நிற்கிறது என்று பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுங்கள். நெஞ்சிலிருந்து நாலு விரல் உயரத்தில் நின்றால் கீழ்ப்பாதியில் பலம் போதாது. பல நேரம் அதற்குக் காரணம் பாரை நெஞ்சில் தட்டி எழுப்பும் பழக்கம்தான். நிறுத்தி ஏற்றினால் அந்தத் துள்ளல் போய்விடும். முழங்கை பாதி நீண்ட பிறகு மேலே நின்றால் ட்ரைசெப்ஸில் (மேற்கையின் பின்பக்கத் தசை) பலம் குறை. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு செட்டை, கைகளைத் தோள் அகலத்துக்கு நெருக்கிப் பிடித்துச் செய்யுங்கள்.

அதே வீடியோவில் முழங்கையையும் கவனியுங்கள். உடம்புக்கு நேர் குறுக்காக, சிலுவை போல விரிந்திருந்தால் தோள் முன்பக்கம் வலி வரலாம். உடம்போடு 45 முதல் 70 டிகிரிக்குள் இருக்கட்டும், பார் மார்க்காம்புக்குச் சற்றுக் கீழே இறங்கட்டும். படுக்கும்போது தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்து, இடுப்புப் பக்கம் இழுத்து, பெஞ்சில் அழுத்துங்கள். வலை இழுக்கும் முன் காலைப் பலகையில் ஊன்றுகிறீர்களே, அதே ஊன்றல் இங்கேயும் வேண்டும். பாதம் தரையில் நகரக் கூடாது, இடுப்பு பெஞ்சைவிட்டு எழவும் கூடாது. பார் விரல் பக்கம் போகாமல் உள்ளங்கையின் அடிப்பாகத்தில், மணிக்கட்டு எலும்புக்கு நேர் மேலே இருக்கட்டும். கட்டைவிரலைக் கட்டாயம் சுற்றிப் பிடியுங்கள். நம் பக்கத்துப் புழுக்கத்தில் வேர்த்த கையிலிருந்து பார் நழுவினால் நேரே நெஞ்சிலோ கழுத்திலோதான் விழும். தனியாகச் செய்யும் நாளில் பாரின் முனையில் பூட்டு மாட்ட வேண்டாம். பாருக்கு அடியில் சிக்கிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டைச் சரியவிட்டுத் தப்பிக்கலாம்.

உடல் எடை நாலு மாதமாக 62-லேயே இருக்கிறது என்றால் சாப்பாடும் போதவில்லை. தினம் 250 முதல் 300 கலோரி கூட்டுங்கள். இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் அந்தக் கணக்கைக் கொண்டுவந்துவிடும். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம், உங்களுக்குச் சுமார் 100 கிராம். சுத்தம் செய்த மீன் 200 கிராமில் 40, மூன்று முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, ஒரு கை கொண்டைக்கடலையில் 10, மிச்சம் சோற்றிலும் பருப்பிலும் வந்துவிடும். சாளையும் நெத்திலியும் இருக்கும் ஊரில் டப்பா பவுடருக்குக் காசு கொட்டத் தேவையில்லை. தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது முட்டையைக் கூட்டிக்கொள்ளுங்கள். கருவாட்டில் புரதம் நிறைய, ஆனால் உப்பும் நிறைய, அதைத் தினசரிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இந்த எட்டு வாரத்துக்குள்தான் கத்திரி வெயிலும் வருகிறது. காலை ஆறு மணிக்கோ இரவு ஏழரைக்கு மேலோ போங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடம்பை நிறுத்துப் பார்த்தால் குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ அதை ஈடுகட்டும்.

ஜூன் 15-க்குப் பிறகு கடலுக்குப் போகத் தொடங்கியதும் கணக்கை மாற்றுங்கள். ராத்திரி முழுக்க முழித்து வலை இழுத்துவிட்டுக் கரையேறிய அன்றைக்குக் கனமான நாள் வேண்டாம். பிடியும் முதுகும் ஏற்கெனவே உழைத்துவிட்டன, டெட்லிஃப்ட் அன்று கூடவே கூடாது. நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் கனமான செட்டை மட்டும் செய்யுங்கள், 5 செட்டுக்குப் பதில் 2 செட். எடையைக் குறைக்காமல் செட்டைக் குறைத்தால் சேர்த்த பலம் சில வாரம் இறங்காமல் நிற்கும். நோன்பு மாதத்தில் இஃப்தாருக்குப் பிறகு பயிற்சி செய்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும். தோளுக்குள் ஊசி குத்துவது போல வலித்தாலோ விரல் மரத்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.