கூஸ்கூஸ்: கிளறுவதா, அவிப்பதா?

கேள்வி: பெட்டியில் வரும் கூஸ்கூஸை வாங்கி, ரவை உப்புமா செய்வது போலக் கொதிநீரில் கொட்டிக் கிளறினேன். களியாகிவிட்டது. அரபு நாட்டினர் காய்கறிகளோடும் மசாலாவோடும் செய்கிற முறையை அளவுகளோடு எழுத முடியுமா? (வாசகி, திருச்சி)

பதில்: கூஸ்கூஸ் உப்புமாவின் உறவினர் அல்ல, புட்டின் உறவினர். பலர் அதை ஒரு தானியம் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது டியூரம் என்னும் கெட்டிக் கோதுமையின் ரவையில் நீர் தெளித்து, மாவு தூவி, அகன்ற தட்டில் உள்ளங்கையால் உருட்டி, சல்லடையில் சலித்து எடுத்த சிறு மணிகள். மாவில் நீர் தெளித்துப் பிசிறி, கட்டி உடைத்து, ஆவியில் வைக்கிற நம் பெண்களின் கைகளுக்கு இந்த வேலை புதியதன்று. நீங்கள் வாங்கிய பெட்டியில் இருப்பது ஒருமுறை அவித்து உலர்த்தியது. ஆகவே அதைக் கொதிக்கவிடவே கூடாது. அடுப்பின் மேல் கிளறினால் மணிகள் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மொராக்கோவில் 'ஏழு காய்கறிக் கூஸ்கூஸ்' என்று சொல்லப்படுவதையே எழுதுகிறேன். ஆறு பேருக்கு அரைக் கிலோ கூஸ்கூஸ் போதும். ஒரு கோப்பைக் கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைத்துவிடுங்கள். மறுநாள் அடிகனமான ஆழ்ந்த பானையில் நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு, நீளமாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயத்தையும் இரண்டு தக்காளியையும் வதக்கி, சுக்குத்தூள், மிளகுத்தூள், மஞ்சள்தூள் ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி, ஒரு விரற்கடை இலவங்கப்பட்டை, கிடைத்தால் ஒரு சிட்டிகை குங்குமப்பூ ஆகியவற்றைச் சேருங்கள். கொத்தமல்லித் தழையையும் பார்ஸ்லியையும் ஒரு கைப்பிடி எடுத்து, நூலால் கட்டி உள்ளே போட்டு, கடலையையும் இரண்டரை லிட்டர் நீரையும் சேர்த்து முக்கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். மிளகாய்த்தூள் எங்கே என்று தேட வேண்டாம். மொராக்கோ முறையில் காரத்தை மிளகும் சுக்குமே தருகின்றன. காரம் வேண்டுமென்றால் துனீசியாவுக்குப் போக வேண்டும். அங்கே தக்காளி விழுதும், ஹரிஸ்ஸா என்னும் மிளகாய் விழுதும் சேர்ந்து குழம்பே சிவந்திருக்கும்.

இந்தச் சமையலின் நயம் இனிமேல்தான் வருகிறது. கூஸ்கூஸை மூன்று முறை அவிக்க வேண்டும். அந்த மூன்று முறையும் காய்கள் பானைக்குள் இறங்கும் நேரத்தோடு பொருந்துகிறது. கீழே குழம்பு கொதிக்கும் பானை, மேலே துளையிட்ட அடுக்கு, இதுவே அவர்களுடைய கலம். அந்த அடுக்கைக் கெஸ்காஸ் என்பார்கள். நம் வீட்டில் பெரிய இட்லிப் பானையின் தட்டின் மேல் மெல்லிய துணி விரித்துக்கொள்ளலாம். புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டியான யாழ்ப்பாணத்து நீத்துப்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. புட்டுக்குழல் வேண்டாம், அதில் மணிகள் நெருங்கிவிடும்.

அகன்ற தாம்பாளத்தில் கூஸ்கூஸைக் கொட்டி, இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுக் கைகளால் தேய்த்து, அரைக் கோப்பை நீரைத் தெளித்துப் பிசிறுங்கள். பிறகு அழுத்தாமல் அடுக்கில் தளர்வாகப் பரப்பி, மணிகளின் ஊடே ஆவி மேலெழுந்து வரும் நொடியிலிருந்து கணக்கிட்டுப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அதை மூடக் கூடாது. முதல்முறை செய்தபோது நான் பழக்கதோஷத்தால் மூடியிட்டேன். மூடியில் கோத்த நீர் நடுவில் சொட்டி, அங்கே மட்டும் ஒரு கொழுக்கட்டை உருவாகியிருந்தது. பானைக்கும் அடுக்குக்கும் இடையே ஆவி கசிந்தால், அவர்கள் மாவுக்கரைசலில் நனைத்த துணிப்பட்டையை இணைப்பில் சுற்றி அடைப்பார்கள். நீங்களும் அவ்வாறே செய்யலாம்.

முதல் அவியல் முடிந்ததும் கூஸ்கூஸைத் தாம்பாளத்தில் கொட்டி, கை பொறுக்கும் சூட்டில் கட்டிகளை உடைத்து, உப்புக் கரைத்த நீர் ஒரு கோப்பையைச் சிறுகச் சிறுகத் தெளித்து ஊறவிடுங்கள். இடையில் பானைக்குள் உப்பு, நீளவாட்டில் இரண்டாகப் பிளந்த கேரட் நான்கு, பெரிய துண்டுகளாக்கிய டர்னிப் அல்லது நூல்கோல், கால் முட்டைக்கோஸ் ஆகியவை போகட்டும். இரண்டாம் முறை பதினைந்து நிமிடம் அவித்தபின் மீண்டும் உதிர்த்து, அரைக் கோப்பை நீர் தெளித்து வையுங்கள். அப்போது விரைவில் வேகும் மஞ்சள் பூசணியும் சுக்கினியும் பானைக்குள் இறங்க வேண்டும். சுக்கினிக்குப் பதிலாகச் சுரைக்காய் போடுவதில் குற்றமில்லை, மொராக்கோவிலேயே ஒருவகை நீண்ட சுரையைப் போடுகிறார்கள். மூன்றாம் அவியல் முடியும்போது காய்களும் வெந்திருக்கும், மணிகளும் முன்பைவிட நன்றாகப் பருத்து, விரலிடையில் நசுக்கினால் மட்டும் மசியும்.

இறக்கியதும் இரண்டு கரண்டி வெண்ணெய் சேர்த்துப் புரட்டுங்கள். அவர்கள் ஸ்மென் என்னும், உப்பிட்டுப் பதப்படுத்தி நாட்பட்ட நெய்யைச் சேர்ப்பார்கள். அந்த மணம் எல்லோருக்கும் பிடிக்காது. பெரிய வட்டத் தட்டில் கோபுரமாகக் குவித்து, நடுவில் குழி செய்து கடலையை இட்டு, காய்களைச் சரிவில் சாய்த்து நிறுத்தி, நனையும் அளவுக்கு மட்டும் குழம்பை ஊற்றுங்கள். மீதியைக் கிண்ணத்தில் தனியே வையுங்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வரும் குடும்பம் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து, அவரவர் முன்னால் உள்ள பகுதியிலிருந்தே எடுத்து உண்பதும், கூடவே மோர் குடிப்பதும் அங்குள்ள வழக்கம்.

அவசரமான நாளில் மட்டும் பெட்டியில் எழுதியபடி செய்யலாம்: சம அளவு கொதிநீரை ஊற்றி, அடுப்பில் வைக்காமல், ஐந்து நிமிடம் மூடி, முள்கரண்டியால் உதிர்க்க வேண்டும். வயிறு நிறையும், ஆனால் அவித்ததன் மென்மை அதில் வராது.

கேள்வி: பாரிஸில் எங்கள் அல்ஜீரிய அண்டை வீட்டம்மா, இது அரபு உணவு அல்ல என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகர், பிரான்ஸ்)

பதில்: அந்த அம்மா சொல்வதே சரி. வட ஆப்பிரிக்காவின் தொல்குடிகளான அமாசிக் மக்களின் உணவு இது; அவர்கள் மொழியில் இதற்குச் செக்ஸு என்று பெயர். அரபு மொழி பேசுவோர் அதைத் தமதாக்கிக்கொண்டதால், தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் அரபாகவே தோன்றுகிறது. 13-ஆம் நூற்றாண்டிலேயே, முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினான அந்தலூசியாவிலும், மக்ரிப் என்னும் வடமேற்கு ஆப்பிரிக்காவிலும் எழுந்த சமையல் நூல்களில் இது இடம்பெற்றுவிட்டது. லெபனானில் இதைப் போன்ற பெரிய உருண்டைகளுக்கு மொக்ரபியே, அதாவது மக்ரிப் நாட்டது, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிழக்கு அரபுலகமே இதை மேற்கிலிருந்து வந்ததாக ஒப்புக்கொள்ள இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? எந்த நாட்டுக்கு உரியது என்ற பூசல் நெடுநாள் இருந்தது. 2020-இல் அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியா, மொரித்தானியா ஆகிய நான்கும் கூட்டாக விண்ணப்பித்து, கூஸ்கூஸ் செய்யும் அறிவையும் வழக்கங்களையும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்த்தன.

கேள்வி: ராஸ் எல் ஹனூத் மசாலாவுக்குப் பதிலாகக் கரம் மசாலா போடலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: போடலாம், ஆனால் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்; கிராம்பு தூக்கலாகிக் குழம்பு குருமாவாகிவிடும். ராஸ் எல் ஹனூத் என்றால் 'கடையின் தலை' என்று பொருள். கடைக்காரர் தம்மிடமுள்ள சிறந்த சரக்குகளைக் கலந்து தருவது அது, ஆகவே நிலையான பட்டியல் கிடையாது. நான் அதைக் குழம்பில் இடுவதைவிட மேலே இடும் த்ஃபாயாவில் இடவே விரும்புகிறேன்: வெங்காயத்தை வெண்ணெயில் பொன்னிறமாகச் சுருள வதக்கி, உலர்திராட்சை, தேன், பட்டைத்தூள் சேர்த்துக் கெட்டியாக்கிய இனிப்பு அது.

கேள்வி: கோதுமை ஒவ்வாதவர்கள் உண்ணலாமா? (வாசகர், கொழும்பு)

பதில்: கூடாது. பார்லியில் செய்யும் வகையும் உண்டு, அதிலும் குளூட்டன் என்னும் புரதம் இருப்பதால் அதுவும் ஆகாது. இதே குழம்பைச் சாமையில் ஊற்றி உண்ணுங்கள்; பெயர் மாறும், சுவை அதிகம் மாறாது.

கேள்வி: மளிகைக் கடையில் கூஸ்கூஸ் கேட்டால் கசகசாவை எடுத்துத் தருகிறார்களே? (வாசகி, மதுரை)

பதில்: இந்தியில் கசகசாவுக்குக் கஸ்கஸ் என்று பெயர், அதனால் வந்த குழப்பம். பெரிய அங்காடிகளில் பாஸ்தா வைத்திருக்கும் அடுக்கில் தேடுங்கள். துபாய்க்குப் பயணப்படும் உறவினரிடம் தப்பித்தவறியும் கசகசாவைக் கொடுத்தனுப்பிவிடாதீர்கள், அது அங்கே தடைசெய்யப்பட்ட பொருள்.