கவுன்சிலர் எலெக்‌ஷன்ல நிக்கிறவங்க "பஸ் விடுவேன், ரோடு போடுவேன்"னு சொல்றதை எந்த அளவுக்கு நம்பலாம்?

நான் மடிப்பாக்கம். 2011 வரைக்கும் நாங்க ஊராட்சி, அந்த வருஷம் சுத்தி இருந்த 42 உள்ளாட்சி அமைப்புகளை சென்னை மாநகராட்சியோட சேர்த்தப்ப நாங்களும் சென்னை ஆயிட்டோம், முதல்ல மாறினது அட்ரஸ்தான், மத்ததெல்லாம் மெதுவா வந்துச்சு, சிலது இன்னும் வந்துட்டு இருக்கு. அதனால என் பதில் முழுக்க சென்னையை வெச்சுத்தான் இருக்கும், உங்க ஊர் கோவையோ திருச்சியோ இருந்தா கொஞ்சம் மாத்திப் படிச்சுக்கோங்க.

2022 பிப்ரவரி 19 ஓட்டுப்பதிவு. அதுக்கு முந்தின ரெண்டு வாரமா வீட்டுக்கு வந்த நோட்டீஸ் எல்லாத்தையும் எங்க அப்பா தூக்கிப் போடாம டிவி ஸ்டாண்டுக்கு அடியில அடுக்கி வெச்சிருந்தார், அவருக்கு அது ஒரு பழக்கம். ஓட்டுப் போடுறதுக்கு முந்தின நாள் நைட்டு உக்காந்து எல்லாத்தையும் படிச்சேன். எல்லாத்துலயும் போக்குவரத்து இருந்துச்சு. ஒருத்தர் பறக்கும் ரயிலை, அதான் தூண் மேல ஓடுற லோக்கல் ரயிலை, விரைவில் கொண்டு வருவாராம். ஒருத்தர் தி.நகருக்கு நேரா பஸ் விடுவாராம். இன்னொருத்தர் மகளிருக்கு இலவச பஸ்னு போட்டிருந்தார், அது ஏற்கனவே 2021 மே மாசத்துலயே மாநில அரசு கொடுத்தாச்சு, எங்க அம்மா அதுல ஒன்பது மாசமா போயிட்டு வந்துட்டு இருக்காங்க!

இங்கதான் உங்க கேள்விக்கு என் பதிலே இருக்கு. வேட்பாளர் பொய் சொல்றாரா உண்மை சொல்றாராங்கிறது ரெண்டாவது விஷயம், முதல்ல அவர் சொல்றது கவுன்சிலர் கையில இருக்கிற வேலையான்னு பாருங்க. முக்காவாசி இல்லை.

பறக்கும் ரயிலையே எடுத்துக்கோங்க. வேளச்சேரிலேர்ந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர், 2008-ல வேலை ஆரம்பிச்சாங்க, கடைசில ஆதம்பாக்கம் பக்கம் ஒரு அரை கிலோமீட்டருக்கு நிலம் எடுக்கிறதுல கோர்ட்டு கேஸ்னு மாட்டி வருஷக்கணக்கா வெறும் தூணா நின்னுச்சு. அது ரயில்வே, மாநில அரசு, கோர்ட்டு எல்லாம் சேர்ந்த சிக்கல். அதுல எங்க வார்டு கவுன்சிலர் போய் என்ன பண்ணுவார்? பஸ் மாநகர் போக்குவரத்துக் கழகம், அது மாநில அரசு கம்பெனி, எந்த ரூட்ல எத்தனை பஸ்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. 2013-ல அந்த சின்ன பஸ் விட்டப்பவும் அப்படித்தான். கவுன்சிலர் மனு கொடுக்கலாம், சரி, மனு நானும் கொடுக்கலாம் நீங்களும் கொடுக்கலாம். மெட்ரோவுக்குத் தனி கம்பெனி. சிக்னல் டிராஃபிக் போலீஸ். அண்ணா சாலை மாதிரி பெரிய ரோடெல்லாம் நெடுஞ்சாலைத் துறை. இதையெல்லாம் ஒண்ணா உக்கார வெச்சுப் பேசத்தான் கும்டான்னு ஒரு அமைப்புக்கு 2010-லயே சட்டம் போட்டாங்க, அது எழுந்து நடக்கவே பத்து வருஷம் ஆச்சு.

அப்போ கவுன்சிலருக்கும் போக்குவரத்துக்கும் சம்பந்தமே இல்லையான்னா, இருக்கு, நிறையவே இருக்கு. ஆனா அதை நோட்டீஸ்ல போட்டா யாரும் விசிலடிக்க மாட்டாங்க, அதான் போடுறதில்லை. பஸ் போற ரோடு சென்னையில ஏறக்குறைய 387 கிலோமீட்டர் மாநகராட்சி கைல இருக்கு, நம்ம வீட்டு வாசல்ல இருக்கிற தெரு எல்லாம் அதுக்கு மேல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அப்புறம் பிளாட்பாரம், தெரு லைட், மழைநீர் வடிகால், பஸ் ஸ்டாப் நிழற்குடை, ரோட்டோர பார்க்கிங். யோசிச்சுப் பாருங்க, எங்க அம்மா பஸ்ல போறதுக்கு காசு வேணாம்னு கோட்டையிலேர்ந்து ஆர்டர் வந்துடுச்சு, ஆனா வீட்டுலேர்ந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் இருக்கிற அந்த 600 மீட்டர்ல பிளாட்பாரம் கிடையாது, இருக்கிற இடத்துல ஒரு டிரான்ஸ்பார்மரும் ரெண்டு புல்லட்டும் நிக்குது, லைட்டு பாதி எரியாது. பஸ் கோட்டையோடது, ஆனா அந்த 600 மீட்டர் கவுன்சிலரோடதுதான்.

இன்னொண்ணு, இது நிறைய பேருக்குத் தெரியாது. சென்னை மாநகராட்சி 2014-லயே நடக்கிறவங்களுக்கும் சைக்கிள்ல போறவங்களுக்கும்னே ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, இந்தியாவிலேயே இப்படிப் பண்ண முதல் ஊர்னு சொன்னாங்க. போக்குவரத்துக்கு ஒதுக்குற காசுல 60 சதவீதம் நடைபாதை, சைக்கிள் பாதை மாதிரி விஷயத்துக்குப் போகணும்னு அதுல இருக்கு. அப்போ மாமன்றம், அதாவது கவுன்சிலர்கள் உக்கார்ற சபை, இருந்துச்சு. 2016-ல பதவிக்காலம் முடிஞ்சு 2022 வரைக்கும் எலெக்‌ஷனே நடக்கலை, அதிகாரிகள்தான் ஓட்டினாங்க, அதுக்கு நடுவுல 2019-ல பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தாங்க. போய்ப் பாத்திருப்பீங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா தி.நகருக்கு வந்த பிளாட்பாரம் மடிப்பாக்கத்துக்கு ஏன் வரலைன்னு கேக்க வேண்டியது மாமன்றத்துல உக்காந்திருக்கிற ஆளு. 2022-ல எங்க வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவங்ககிட்ட இந்த 60 சதவீதம் பத்தி நான் கேட்டேன், ஒருத்தர் "சார் அதெல்லாம் ஜெயிச்சதும் பாத்துக்கலாம்"னார், இன்னொருத்தர் கூட வந்த பையனைப் பாத்து "குறிச்சுக்கோ"ன்னார். பையன் கையில பேனாவே இல்லை.

ரோடு போடுவேன்னு சொல்றவங்களை இன்னும் கொஞ்சம் தோண்டிக் கேளுங்க. எப்படிப் போடுவீங்கன்னு கேளுங்க. பழைய தாரை சுரண்டி எடுத்துட்டு, அதான் மில்லிங்னு சொல்வாங்க, அதுக்கப்புறம் புதுசு போட்டா மட்டும்தான் ரோடு அதே மட்டத்துல இருக்கும். சுரண்டாம மேலயே போட்டா ஒவ்வொரு தடவையும் ரோடு ஏறும், வீடு இறங்கும். எங்க வீட்டுக்கு அப்பா கட்டினப்ப மூணு படி ஏறிப் போகணும், இப்போ கேட்டைத் திறந்தா ஒரு படி இறங்கணும். மழை வந்தா தண்ணிக்கு எங்க வீடுதான் வடிகால். மில்லிங் பண்ணணும்னு விதி இருக்கு, நம்ம தெருவுல பண்ணாங்களான்னு நின்னு பாக்க ஆள் இல்லை.

அடுத்தது, போட்ட ரோட்டைத் தோண்டுறது. எங்க தெருவுல தார் போட்டு ரெண்டு மாசம்கூட ஆகலை, குழாய் பதிக்க ஒரு டிபார்ட்மென்ட் வந்து தோண்டிட்டுப் போச்சு, மூடினாங்க, அப்புறம் கேபிள்காரங்க வந்தாங்க. ஒரு வருஷம் ஷேர் ஆட்டோகாரங்க உள்ளயே வரமாட்டேன்னுட்டாங்க, எங்க மாமி ஒருத்தங்க ஸ்கூட்டியோட விழுந்து கை எலும்பு விரிசல். இதுல கவுன்சிலருக்கு என்ன வேலைன்னா, யார் யார் எப்போ தோண்டப் போறாங்கன்னு முன்னாடியே ஜோனல் ஆபீஸ்ல கேட்டு வெச்சுக்கிட்டு அதுக்கப்புறம் ரோடு போடச் சொல்றது, அவ்வளவுதான். இதை ஒரே ஒரு நோட்டீஸ்லயாவது பாத்திருக்கீங்களா?

ஸ்பீட் பிரேக்கர் வாக்குறுதி தனி காமெடி. தெருவுக்குத் தெரு போட்டுத் தரேன்னு சொல்வாங்க, ஜனங்களும் கேப்பாங்க. அதுக்கு அளவு இருக்கு, டிராஃபிக் போலீஸ் சரின்னு சொல்லணும், வெள்ளைக் கோடு அடிக்கணும். இது எதுவும் இல்லாம நைட்டோட நைட்டா போட்டுட்டுப் போற மேட்டுல முதுகு போறது நமக்குத்தான்.

பெண்களுக்குப் பாதி வார்டு ஒதுக்கியிருக்காங்க, மேயரே பெண்தான். பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் உண்மையான கஸ்டமர் அவங்கதான்ங்கிறதால இது மாத்தம் கொண்டு வரும்னு எனக்கு நிஜமாவே நம்பிக்கை இருந்துச்சு, இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா சில இடத்துல போன் எடுக்கிறதும் மீட்டிங் வர்றதும் "கவுன்சிலர் வீட்டுக்காரர்"தான். அதையும் வேட்பாளர் வீட்டுக்கு வர்றப்பவே கவனிங்க, யார் பேசுறாங்க, யார் சும்மா கும்பிட்டுட்டு நிக்கிறாங்கன்னு.

நம்ம மேலயும் தப்பு இருக்கு, மறைக்க வேணாம். அந்த எலெக்‌ஷன்ல சென்னையில ஓட்டுப் போட்டது சுமார் 43 சதவீதம். ஏரியா சபைன்னு ஒண்ணு 2022 நவம்பர்லேர்ந்து நடத்துறாங்க, அங்க போய் நம்ம தெருவைப் பத்திக் கேக்கலாம். நான் ஒரு தடவை போனேன், பத்து பன்னெண்டு பேர்தான், முக்காமணி நேரம் கொசு பத்தியே போச்சு. என் முறை வந்தப்ப பிளாட்பாரம்னு ஆரம்பிச்சேன், ஒரு பெரியவர் "அதை விடுங்க தம்பி, முதல்ல நாய்த் தொல்லையைச் சொல்லுங்க"ன்னுட்டார்.

அப்பா அடுக்கி வெச்ச நோட்டீஸ்ல ஒண்ணு மட்டும் இன்னும் என்கிட்ட இருக்கு. சுயேச்சையா நின்ன ஒரு அம்மாவோடது. கலர் கிடையாது, வெறும் ஜெராக்ஸ். ரயில், மேம்பாலம் எதுவும் இல்லை, பஸ் ஸ்டாப்லேர்ந்து நாலு தெருவுக்கு எந்தெந்த கம்பத்துல லைட் எரியலைன்னு கம்பம் நம்பரோட எழுதியிருந்தாங்க, மொத்தம் பதினொண்ணு. நான் அவங்களுக்குத்தான் போட்டேன், தோத்துட்டாங்க, அது எதிர்பார்த்ததுதான். அந்த ஜெராக்ஸை வெச்சுக்கிட்டு மாநகராட்சி புகார் நம்பர் 1913-க்கு ஒவ்வொரு கம்பமா கம்ப்ளைன்ட் பண்ணினேன், ஒன்பது எரியுது. மீதி ரெண்டு பஸ் ஸ்டாப் பக்கத்துலயே இருக்கு, இந்தத் தடவை யார் ஓட்டுக் கேட்டு வந்தாலும் அந்த ரெண்டு நம்பரைத்தான் முதல்ல சொல்லப் போறேன்.