கேள்வி-பதில்: ஒரு வழி டிக்கெட்டோடு கிளம்பலாமா?

கேள்வி: வேலையை விட்டுவிட்டேன். இரண்டு மூன்று மாதம் தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றிப் பார்க்க ஆசை. சென்னையிலிருந்து பாங்காக்குக்கு ஒரு வழி டிக்கெட் எடுத்துவிட்டேன். அப்புறம் மலேசியாவா, லாவோஸா என்று அங்கே போய் முடிவு செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். ரிட்டர்ன் டிக்கெட் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்கிறார்கள் நண்பர்கள். விசாவே கேட்காத நாட்டுக்கு ரிட்டர்ன் டிக்கெட் எதற்கு? (மதுரை வாசகர்)

பதில்: நண்பர்கள் சொல்வதைக் கேளுங்கள். தாய்லாந்து 2023 நவம்பரிலிருந்து இந்தியச் சுற்றுலாப் பயணிகளை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. ஆனால் அந்தச் சலுகை, வந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுபவர்களுக்கானது. கிளம்புவீர்கள் என்பதற்கு அவர்கள் கேட்கும் அத்தாட்சிதான் அடுத்த டிக்கெட். அது இந்தியாவுக்குத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தாய்லாந்தை விட்டு வெளியேறினால் போதும்.

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பாங்காக்கில் கேட்பதில்லை, சென்னையிலேயே, விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்ட்டரில் கேட்டுவிடுகிறார்கள். போன நாட்டில் உங்களை உள்ளே விடாவிட்டால் திருப்பிக் கொண்டுவருவது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் கவுன்ட்டரில் இருப்பவர் டைமாட்டிக் என்ற தகவல் தொகுப்பில் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அதன்படி நடக்கிறார். ‘போன மாதம் என் நண்பனை விட்டார்களே’ என்பதெல்லாம் அங்கே எடுபடாது. சில பேரைக் கேட்காமலே விட்டுவிடுவதும் உண்மைதான். அதை நம்பி நடு இரவில் மூட்டை முடிச்சோடு போய் நிற்காதீர்கள்.

நான் அப்படி நின்றிருக்கிறேன். கவுன்ட்டர் மூட முக்கால் மணி நேரம் இருந்தது. பதற்றத்தில் கைபேசியிலேயே ஒரு டிக்கெட் எடுத்தேன். அவசரத்தில் தேதியைக் கவனிக்கவில்லை. தங்க அனுமதித்த நாட்களைத் தாண்டி இரண்டு நாள் கழித்து விழுந்திருந்தது. அதைக் கவுன்ட்டரில் ஏற்கவில்லை, இரண்டாவதாக இன்னொன்று எடுத்த பிறகுதான் போர்டிங் பாஸ் கிடைத்தது. பதினோராயிரம் ரூபாய்க்கு மேல் போனது. வீட்டில் உட்கார்ந்து நிதானமாகத் தேடியிருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது. அதனால்தான் தேதியைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன். 30 நாள் அனுமதி என்றால் இறங்கும் நாளே முதல் நாள். 31ஆவது நாளுக்கான டிக்கெட் செல்லாது. தாய்லாந்து இந்த நாள் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கிறது, கிளம்பும் வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் பாங்காக்கிலிருந்தோ தெற்கே ஹாட் யாயிலிருந்தோ கோலாலம்பூருக்கு மலிவு விமானம் ஒன்றில் உண்மையான டிக்கெட் எடுப்பேன். முன்கூட்டித் தேடினால் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். மலேசியாவும் 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு தருகிறது. மனம் மாறி லாவோஸ் போனால் அந்தப் பணம் போகும், அவ்வளவுதான். ஊர் சுற்றும் செலவில் அதையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மலேசியாவுக்குள் நுழையும்போது அங்கிருந்து கிளம்பும் டிக்கெட் எங்கே என்ற அதே கேள்வி மறுபடி வரும். ஒவ்வொரு நாட்டுக்கும் இது உண்டு.

இன்னொன்று. தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள்.

கேள்வி: பத்துப் பதினைந்து டாலருக்கு ‘டம்மி டிக்கெட்’ தருவதாக விளம்பரங்கள் வருகின்றன. முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டை எடுத்து ரத்து செய்துகொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். எது நல்லது? (கோவை வாசகர்)

பதில்: டம்மி டிக்கெட் என்ற பெயரில் இரண்டு சரக்கு விற்கிறார்கள். ஒன்று, ஒரு இருக்கையை ஓரிரு நாள் பிடித்து வைத்துத் தரும் முன்பதிவு. அதற்கு பி.என்.ஆர். இருக்கும், விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டால் உங்கள் பெயரும் வரும். ஆனால் பணம் கட்டாததால் 13 இலக்க டிக்கெட் எண் இருக்காது. நீங்கள் கவுன்ட்டரில் நிற்கும் நேரத்தில் அது காலாவதி ஆகியிருந்தால் கையில் இருப்பது வெறும் தாள். இரண்டாவது, கணினியில் வரைந்து கொடுக்கும் போலி. இதன் பக்கமே போகாதீர்கள். வெளிநாட்டு அதிகாரியிடம் போலி ஆவணம் காட்டினால் அன்றைக்குத் திருப்பி அனுப்புவதோடு முடியாமல், அடுத்த பயணங்களையும் அது பாதிக்கலாம். முதல் வகையையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பல்லாயிரம் ரூபாய்ப் பயணத்தை ஆயிரம் ரூபாய்த் தாளில் தொங்கவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

திரும்பப் பெறும் டிக்கெட் நேர்மையான வழி. ஆனால் அதன் விலை அதிகம், பணம் வந்து சேர நாளாகும், அதுவரை கடன் அட்டையில் அந்தத் தொகை நிற்கும். வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால் வங்கி போடும் மாற்றுக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. ‘ரீஃபண்டபிள்’ என்று போட்டிருந்தாலும் ரத்துக் கட்டணம் பிடிக்கிறார்களா, பணத்தைக் கணக்கில் போடுவார்களா அல்லது அடுத்த பயணத்துக்கான வவுச்சராகத் தருவார்களா என்று விதிகளைப் படித்துவிட்டு வாங்குங்கள். இடையில் ஒரு முகவர் தளம் இருந்தால் அவர்கள் கட்டணம் தனி. இதற்காக வாங்குவதை விமான நிறுவனத்தின் தளத்திலேயே வாங்குவது நல்லது.

வாங்கிய கையோடு, குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் இலவசமாக ரத்து செய்யலாம் என்ற டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) விதியைச் சிலர் நம்புகிறார்கள். நேரடியாக வாங்கிய டிக்கெட்டுக்குத்தான் அது. பயணத் தேதி நெருங்கிவிட்டால் கிடைக்காது. பாங்காக்-கோலாலம்பூர் போல இந்தியாவைத் தொடாத வெளிநாட்டு விமானத்துக்கு நம் விதி பொருந்தாது.

கேள்வி: தாய்லாந்திலிருந்து ரயிலில் மலேசியா போகப் போகிறேன். ரயில் டிக்கெட்டைக் காட்டினால் போதாதா? (திருச்சி வாசகர்)

பதில்: நியாயமாகப் பார்த்தால் போதும். ஹாட் யாயிலிருந்து மலேசிய எல்லையில் உள்ள பாடாங் பெசார் வரை ரயில் இருக்கிறது, அந்த ஒரே நிலையத்தில் இரு நாட்டு முத்திரையும் வாங்கிவிடலாம். பயணம் உண்மையானது, டிக்கெட்டும் மலிவு. சிக்கல் கவுன்ட்டரில்தான். அங்கிருப்பவருக்கு விமான டிக்கெட் பழக்கம், ரயில் டிக்கெட்டைச் சரிபார்க்க வழியில்லை. சிலர் ஏற்பார்கள், சிலர் மாட்டார்கள். விமான நிறுவனத்துக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி, அதை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். பதில் வராவிட்டால் விமான டிக்கெட்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) என்று இருக்கிறது. பினாங்கில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகிறார். எப்போது திரும்புவார் என்று தெரியாது. ஒரு வழி டிக்கெட் எடுக்கலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: அம்மாவுக்கு மட்டும் ஒரு வழி டிக்கெட் வேண்டவே வேண்டாம். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டுக்குக் கட்டுப்பாடு உள்ள 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று, தாய்லாந்தும் ஒன்று. வேலைக்குப் போகவில்லை, பார்க்கத்தான் போகிறோம் என்பதற்கு நம் ஊர் குடிநுழைவு அதிகாரியே ரிட்டர்ன் டிக்கெட் கேட்பார். வேலை என்று ஏமாற்றி அழைத்துப் போய் மியான்மர் இணைய மோசடிக் கூடங்களில் நம் பிள்ளைகளை அடைத்து வைத்ததெல்லாம் 2022இல் வெளியே வந்தது. இந்த விசாரணையைத் தொந்தரவாக நினைக்காமல் பொறுமையாகப் பதில் சொல்லச் சொல்லுங்கள். தேதி மாற்றக்கூடிய ரிட்டர்ன் டிக்கெட்டாக, 30 நாளுக்குள் திரும்புவதுபோல் எடுங்கள். அக்காவின் முகவரியும் தொலைபேசி எண்ணும் தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும்.

கேள்வி: ஒருவேளை ஏற்ற மறுத்துவிட்டால் கட்டிய பணம்? (மதுரை வாசகரே கேட்டது)

பதில்: ஆவணம் போதாமல் நிறுத்தினால் இழப்பீடு கிடையாது. ஏன் நிறுத்தினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். டிக்கெட்டை உடனே ரத்து செய்யுங்கள் அல்லது தேதி மாற்றுங்கள். விமானம் கிளம்பிய பிறகு இரண்டும் கடினம். இந்திய நிறுவனமாக இருந்தால், திரும்பத் தராத டிக்கெட்டிலும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தந்தாக வேண்டும். அவர்களாகத் தர மாட்டார்கள், நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். தராவிட்டால் விமானப் பயணிகளின் புகார்களுக்கான மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் கொடுங்கள். அங்கேயும் நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.