கருணைக்கொலை: எந்த நாடு யாரை நம்புது?

வணக்கம் சார். நெதர்லாந்து, பெல்ஜியம், கனடா எல்லாம் கருணைக்கொலையை சட்டமாக்கி வருஷக்கணக்காச்சு. மத்த நாடுகள் இன்னும் மதத்தை பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னுதான் எனக்கு தோணுது. வலியில துடிக்கிறவங்களை போகவிடாம வச்சிருக்கறது என்ன நியாயம்? முன்னேறின நாடுகள் முடிவெடுத்த பிறகு மத்தவங்களுக்கு என்ன தயக்கம்?
- கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

வலியில துடிக்கிறவங்களை பத்தி நீங்க கேட்டதுல எனக்கு மறுபேச்சே இல்ல. ஆனா முன்னேறின நாடு, மதத்தை பிடிச்சுக்கிட்ட நாடுன்னு ரெண்டா பிரிச்சீங்க பாருங்க, அது ஒத்துவரல. மதம்தான் தடைன்னா கத்தோலிக்கர்கள் நிறைஞ்ச கொலம்பியாவுல 1997லயே அரசியல் சாசன கோர்ட் இதை குற்றமில்லன்னு சொல்லியிருக்காது, அது நெதர்லாந்து சட்டம் வர்றதுக்கும் முன்னாடி. ஸ்பெயின் 2021ல கொண்டு வந்துடுச்சு. லக்சம்பர்க்ல மன்னர் என் மனசாட்சி ஒத்துக்கல, ஒப்புதல் தரமாட்டேன்னு சொன்னாரு, உடனே அரசியல் சாசனத்தையே திருத்தி அவர் ஒப்புதல் தேவையில்லன்னு ஆக்கிட்டு 2009ல சட்டத்தை கொண்டு வந்தாங்க. ஆனா மதத்தை அரசாங்கத்துல இருந்து அடியோட ஒதுக்கி வச்ச பிரான்ஸ் இருக்கே, அதோட 2016 சட்டம் கடைசி கட்டத்துல நோயாளியை ஆழ்ந்த மயக்கத்துல வச்சிருக்கலாம்ங்கற வரைக்கும்தான் போச்சு.

அப்ப எங்க வித்தியாசம்? அந்த கடைசி காரியத்தை யாரோட கை செய்யுது, அந்த கையை நாடு நம்புதா, எனக்கு இதுலதான் எல்லாம் இருக்கறதா படுது.

நெதர்லாந்து டாக்டரை நம்புது. 1973ல அங்க ஒரு கேஸ் நடந்துச்சு. போஸ்ட்மாங்கற ஒரு பெண் டாக்டர், அவங்க அம்மா முதியோர் இல்லத்துல, உடம்புல ஒரு பக்கம் செயலில்லாம, உயிரோட இருக்க வேண்டாம்னு திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருந்தாங்க, மகளே மார்ஃபின், அதாவது கடும் வலிக்கு தர்ற மருந்தை, ஊசியா போட்டு அவங்க உயிரை முடிச்சாங்க. கோர்ட் குற்றம்னுதான் சொன்னுச்சு, ஆனா தண்டனை ஒரு வாரம், அதையும் நிறுத்தி வச்சுட்டாங்க. இதுல என்னை ரொம்ப பாதிச்ச விஷயம், அந்த வட்டாரத்து டாக்டர்கள் பலர் நாங்களும் இதை செஞ்சிருக்கோம்னு வெளிப்படையா கடிதம் எழுதி கையெழுத்து போட்டாங்க. அங்க ஆரம்பிச்சு கிட்டத்தட்ட முப்பது வருஷம் பேசிப் பேசி, 2002 ஏப்ரல்லதான் சட்டம் அமலுக்கு வந்துச்சு. இன்னொரு டாக்டர் தனியா பார்க்கணும், முடிஞ்சதும் ரிப்போர்ட் பண்ணணும், ஒரு வக்கீல், ஒரு டாக்டர், ஒரு அறவியல் நிபுணர் இருக்கற கமிட்டி அதை சரிபார்க்கும். நோயாளியை வருஷக்கணக்கா தெரிஞ்ச குடும்ப டாக்டர், எல்லாருக்கும் கட்டாய இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரி செலவுக்கு பயந்து சாகணும்னு கேக்க வேண்டிய நிலைமை அங்க குறைவு. இதெல்லாம் அடியில இருக்கறதாலதான் அந்த சட்டம் நிக்குது. வெறும் சட்டத்தை மட்டும் பேர்த்து எடுத்துட்டு போய் வேற நாட்டுல வச்சா என்ன ஆகும்னு யோசிங்க.

சுவிட்சர்லாந்து அப்படியே தலைகீழ். அங்க டாக்டர் ஊசி போட்டா இன்னைக்கும் குற்றம். ஆனா 1942ல இருந்தே அவங்க சட்டம் சொல்றது, ஒருத்தர் தன் உயிரை முடிச்சுக்க சுயநலம் இல்லாம உதவினா தண்டனை கிடையாது, கடைசி செயலை மட்டும் அவரே செஞ்சாகணும். அமெரிக்காவுல ஒரேகான் மாநிலமும் 1997ல இருந்து இப்படித்தான், ஆறு மாசத்துக்குள்ள உயிர் போயிடும்னு ரெண்டு டாக்டர் சொல்லணும். அங்க உயிரை முடிச்சுக்கற மருந்துக்கு சீட்டு வாங்கினவங்கள்ல சுமார் மூணுல ஒருத்தர் அதை எடுத்துக்காமலே நோயிலயே இறந்துடறாங்க. வேணும்னா முடிச்சுக்கலாம்ங்கற தைரியமே அவங்கள்ல சிலருக்கு மீதி நாளை தாங்க போதுமா இருந்திருக்கும்னு நான் நினைக்கறேன்.

ஜெர்மனியோட தயக்கத்துக்கு காரணத்தை தேடி எங்கயும் போக வேண்டாம். 1939ல இருந்து 1941 வரைக்கும் ஹிட்லர் ஆட்சியில கருணைங்கற பேர்லயே எழுபதாயிரத்துக்கு மேல மாற்றுத்திறனாளிகளையும் மனநோயாளிகளையும் விஷவாயு அறையில கொன்னாங்க, லிஸ்ட் போட்டது டாக்டர்கள். அந்த நாடு டாக்டர் கையில இதை கொடுக்க பயப்படறதை நீங்க பிற்போக்குன்னு சொல்லுவீங்களா? 2020ல அவங்க அரசியல் சாசன கோர்ட் தன் சாவை தானே முடிவு பண்ற உரிமை உண்டு, அதுக்கு உதவி தேடவும் உரிமை உண்டுன்னு தீர்ப்பு சொன்னப்பவும், அடுத்தவர் கையால கொல்றது குற்றமாத்தான் இருக்கு.

கனடாதான் எனக்கு கவலை. 2016ல சட்டம், 2021லயே சாவு பக்கத்துல இல்லாதவங்களுக்கும் விரிச்சுட்டாங்க. 2023ல மட்டும் 15,343 பேர், அந்த வருஷ சாவுகள்ல 4.7 சதவீதம். மாற்றுத்திறனாளி அமைப்புகள் கத்திட்டே இருக்காங்க, எங்களுக்கு வீடும் உதவி ஆளும் தராம சாவை மட்டும் சுலபமாக்கறீங்களேன்னு. அவங்க சொல்றது சரின்னுதான் நானும் நினைக்கறேன்.

இந்தியா, பிழைக்க வழியில்லாதவங்களுக்கு சிகிச்சையை நிறுத்தறதோட நிக்குது, அது சுப்ரீம் கோர்ட்டோட 2018 தீர்ப்பு, 2023ல நடைமுறையை கொஞ்சம் லேசாக்கினாங்க. ஆனா இங்க அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் இருக்கு. 1985 போதைப்பொருள் சட்டம் வந்தப்புறம் கேன்சர் நோயாளிக்கு மார்ஃபின் கிடைக்கறதே குதிரைக்கொம்பா போச்சு, 2014லதான் சட்டத்தை திருத்தினாங்க. இந்தியான்னு இல்ல, ஏழை நாடுகள் பலதுல இன்னைக்கும் இதே கதைதான். நீங்க கேட்ட தயக்கத்துக்கு என் பதில் இதான்: வலிக்கு மாத்திரை கொடுக்காத அரசாங்கம் சாவுக்கு அனுமதி கொடுத்தா, அந்த மனுஷன் நிஜமா எதை கேட்டார்னு எப்படி தெரியும்?

வலிக்கு மருந்து கிடைச்சு, பார்த்துக்க ஆள் இருந்து, அப்பவும் ஒருத்தர் போதும்னு சொன்னா, அவரை தடுக்க எனக்கு எந்த உரிமையும் இல்ல. அதுக்கு சட்டம் வேணும்னு நானும் கேப்பேன். எந்த சட்டம்னு கேட்டா ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல 2019ல அமலுக்கு வந்துச்சே, அது மாதிரி ஒண்ணு. தானே எடுத்துக்கணும்ங்கறதுதான் அதுல பொது விதி. நரம்பு நோயில உடம்பு செயலிழந்து மருந்தை தானே எடுத்துக்கவே முடியாதவங்க இருக்காங்க இல்லையா, ஒரேகான் சட்டத்துல அவங்களுக்கு டாக்டர் செய்ய வழியில்ல, விக்டோரியாவுல அவங்களுக்கு மட்டும் டாக்டர் செய்யலாம்.